தேர்வோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின்கீழ் முதியோர் பலர் தேர்வு எழுதிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்து நெகிழ்ந்தேன். 2022-இல் தொடங்கிய இத்திட்டம் 15 வயதைக் கடந்தோருக்கு எழுத்தறிவு தருகிறது. ஆனால் தேர்வோடு கற்றல் மையத்தை மூடிவிட்டால், கற்ற எழுத்து சில மாதங்களில் மறந்துபோகும். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கம் நடந்த நாள்களில், சிலேட்டும் கையுமாக ஊரே அமர்ந்திருந்ததைக் கண்டவன் நான். அன்று கையெழுத்துப் போட்டவர்களில் சிலர், பிறகு படிக்க ஏதுமின்றி, மீண்டும் கைநாட்டுக்கே திரும்பியதையும் கண்டேன்.

அன்று எழுதப் படிக்கக் கற்ற என் தாயார் அப்படிக் கைநாட்டுக்குத் திரும்பவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் செய்தித்தாள் தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசிப்பதை ஒருநாளும் விட்டதில்லை. இன்று 78 வயதில், சர்க்கரை அளவைத் தேதியிட்டுத் தாமே நோட்டில் குறிக்கிறார். மாத்திரை உறையில் 'காலை 1, சாப்பாட்டுக்கு முன்' என்றிருப்பதை வாசித்த பிறகே வாயில் போடுகிறார். மருந்துச்சீட்டோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தேடி அவர் போனதே இல்லை. தேர்வு முடித்தவர்களுக்காக ஊர்ப்புற நூலகங்களில் வாரம் இரு மாலைகளை ஒதுக்கி, பெரிய எழுத்துப் புத்தகங்களுக்கும் உடனிருந்து வாசிக்க ஒரு தன்னார்வலருக்கும் பொது நூலகத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாசகர், புதுக்கோட்டை.