பில் பாக்கி என்னும் வட்டியில்லாக் கடன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிறு நிறுவனங்களுக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை என்ற குறை தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அடிக்கடி இடம்பெறுகிறது. அது உண்மைதான். ஆனால் அதே சிறு நிறுவனங்கள் தம்மைவிடப் பெரிய வாடிக்கையாளர்களுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருப்பதைப் பற்றி எழுதுவோர் குறைவு. 30 நாளில் பணம் தருவதாக ஒப்புக்கொண்டு ஒவ்வொரு முறையும் 90ஆம் நாளில் அனுப்பும் நிறுவனம், சரக்கோடு 60 நாள் கடனையும் சேர்த்தே வாங்கிச் செல்கிறது. அந்த இடைவெளியைச் சமாளிக்க நாம் வங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் கடனை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் எடுத்தால், பில் தொகையில் ஏறக்குறைய 2 சதவீதம் வட்டிக்கே போய்விடும். நிகர லாபம் 10 சதவீதம் என்றால், அதில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடுகிறது.

ஒரு சிறு உற்பத்தி நிறுவனத்தின் வரவு செலவைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாத் தாமதமும் வாங்குபவரின் குற்றமல்ல. கொள்முதல் ஆணை எண்ணைக் குறிப்பிடாத பில்லும், கணக்குப் பிரிவுக்குப் போகாமல் ஆர்டர் கொடுத்தவரின் மேசையிலேயே கிடக்கும் பில்லும், சரக்கு போய் இரண்டு வாரம் கழித்து நாம் சாவகாசமாக அனுப்பும் பில்லும் நம் தவறுகளே. மாதத்தில் இரண்டு நாள் மட்டும் பட்டுவாடா செய்யும் நிறுவனத்தில் ஒரு நாள் பிந்தினால் அரை மாதம் போயிற்று. ஆகவே, கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே கணக்குப் பிரிவை அழைத்து, பில் வந்து சேர்ந்ததா, அதில் ஆட்சேபம் ஏதும் உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. அறுபதாம் நாளில் திடீரென்று முளைக்கும் ‘தரக்குறைவு’ப் புகாருக்கு அதன் பிறகு அதிகம் இடமிருக்காது.

இவ்வளவும் சரியாகச் செய்த பின்னும் வழக்கமாகவே தாமதிப்பவரை நினைவூட்டல் கடிதங்களால் திருத்த முடியாது என்பதே என் அனுபவம். எந்தச் சப்ளையர் சரக்கை நிறுத்துவார், யார் பொறுத்துக்கொள்வார் என்பது அவருக்குத் தெரியும். கையில் பணம் வந்ததும் முதல் வகையினருக்கே கொடுப்பார். நம்மை இரண்டாம் வகையில் சேர்த்தது, பழைய பாக்கி நிற்கும்போதே அடுத்த லோடை ஏற்றி அனுப்பிய நாம்தான். பேச வேண்டிய நேரம் அடுத்த ஆர்டர் வரும் நேரம். பேச வேண்டியவர் கணக்கர் அல்லர், அந்தச் சரக்கு யாருக்கு அவசரமோ அவர். பழைய பில் தீர்ந்தால்தான் புதிய சரக்கு என்றும், இனி பாதித் தொகை முன்பணம் என்றும், கடன் வரம்பு இவ்வளவுதான் என்றும் குரலை உயர்த்தாமல் எழுத்தில் தெரிவித்தால் போதும். உண்மையிலேயே நெருக்கடியில் இருப்பவர் தாமே பேசித் தவணை கேட்பார். அவருக்குத் தவணை கொடுக்கலாம். தொலைபேசியையே எடுக்காதவரோடு அவரைச் சேர்த்து எண்ணக் கூடாது.

பத்து நாளில் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி என்ற பழைய உத்தியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். 30 நாள் கெடுவில் 20 நாள் முன்னதாகப் பணம் பெறுவதற்காக நாம் தரும் இந்த விலை, ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 37 சதவீதத்தைத் தொடும். போதாக்குறைக்கு, தாமதித்தே பழகியவர் நாற்பதாம் நாளில் பணம் அனுப்பும்போதும் அந்தத் தள்ளுபடியைக் கழித்துக்கொண்டுதான் அனுப்புவார்!

சட்டங்கள் இல்லாமல் இல்லை. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரத் தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தரச் சொல்கிறது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டு மத்திய வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதப் புள்ளிகளைத் தாமத வட்டியாக அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறையும் ஏறக்குறைய அதே வழியில் செல்கிறது. ஆயினும் விற்பனையில் பாதியை ஒரே வாடிக்கையாளரிடம் வைத்திருப்பவர் எந்தத் துணிவில் வட்டி பில் அனுப்புவார்? அந்தச் சார்பைக் குறைக்காதவரை சட்டப் பிரிவு அவருக்குக் காகிதமாகவே இருக்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சப்ளையர்களுக்கு எத்தனை நாளில் பணம் தருகிறோம் என்பதைப் பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு இருமுறை வெளியிட வேண்டும் என்று பிரிட்டன் 2017 முதல் விதித்திருக்கிறது. பெரிய நிறுவனங்களின் ஆண்டு லாபத்தைத் தாங்கள் வெளியிடும்போது, அவற்றின் ஆண்டறிக்கையில் உள்ள சப்ளையர் பாக்கியை ஆண்டுக் கொள்முதலால் வகுத்து 365ஆல் பெருக்கி, கிடைக்கும் நாட்களையும் பக்கத்திலேயே அச்சிடலாமே.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்