எந்தப் பக்கத்திலிருந்து கண்ட அனுபவம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் குடியேறுவது பற்றித் தங்கள் நாளிதழின் இப்பகுதியில் அண்மையில் வெளியான இரண்டு கடிதங்களைப் படித்தேன். வாடகை பாக்கியைக் கொடுக்காமல் இரவோடு இரவாகக் காலி செய்துகொண்டு போனவர்களைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். விபத்தில் விழுந்து கிடந்த தம்மை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் பெயர்கூடத் தெரியாத ஒரு பீகார் இளைஞர் என்று மற்றவர் எழுதியிருந்தார். எடுத்த முடிவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஆயினும் 'அனுபவத்தில் சொல்கிறேன்' என்ற சொற்கள் இரண்டிலும் இருந்தன. இருவர் சொல்வதும் உண்மை என்றே நம்புகிறேன். பட்டவர் சொல்வதைப் படாதவர் மறுப்பது முறையல்ல. ஆனால் பட்டதிலிருந்து அவர் எடுக்கிற முடிவைக் கேள்வி கேட்கலாம். கேட்கும் தகுதி எனக்கு ஓரளவு உண்டு என்று நினைப்பதற்குக் காரணம், இரண்டு நாடுகளில் வந்தேறி என்று பேர் வாங்கிய குடும்பத்தில் பிறந்தவன் நான்.

1963ஆம் ஆண்டு, இலங்கையில் ஹட்டனை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். என் பாட்டனார் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணியிடம் முன்பணம் வாங்கி, இராமேஸ்வரம் அருகே மண்டபம் முகாமில் சில நாள் அடைபட்டிருந்து, கடல் கடந்து போனவர். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் வாக்குகளால் ஏழு பேர் இலங்கை நாடாளுமன்றத்துக்குச் சென்றார்கள்; அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் எங்களில் 9,75,000 பேரைக் கணக்கிலெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த 5,25,000 பேர் கணக்கில் ஒருவனாக 1973இல், பத்து வயதில், மலைநாட்டார் 'அழுகைக் கோச்சி' என்று சொல்லும் ரயிலில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் வந்து சேர்ந்தேன். பாட்டனார் போகும்போது தங்கிய அதே மண்டபத்தில்தான் திரும்பி வந்த நாங்களும் தங்கினோம்.

இலங்கையில் எங்களுக்கு இருந்த பெயர்கள் 'கள்ளத்தோணி' (திருட்டுத்தனமாகத் தோணியில் வந்தவன்), 'தோட்டக்காட்டான்', 'வடக்கத்தியான்'. கடைசிப் பெயரை வாசகர்கள் கவனிக்க வேண்டும். திருப்பூரில் இன்று இந்தி பேசுகிறவர்களைக் குறிக்கும் சொல், அன்று தமிழ் பேசுகிறவர்களாலேயே எங்களைக் குறிக்கப் பயன்பட்டது. வடக்கு என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது போலும்.

எங்களை வெறுத்த கண்டிப் பகுதிச் சிங்கள விவசாயியை நான் முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். அவருடைய அனுபவமும் பொய்யல்ல. தாத்தா காலத்தில் மாடு மேய்த்த, காட்டை எரித்துச் சேனைப்பயிர் செய்த குன்றுகள் முழுவதும் முதலில் காப்பியாகவும் பிறகு தேயிலையாகவும் மாறிவிட்டன. கிராமம் பள்ளத்தில் நெருங்கிக் கிடக்க, நிமிர்ந்து பார்த்தால் மேலே தமிழ் பேசும் கூட்டம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது. நிலம் போயிற்று, வேற்று மொழிக்காரன் வந்து நிற்கிறான். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட யாருக்கும் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. ஆனால் அந்த நிலத்தை அவர்களிடமிருந்து எடுத்தது 1840இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த முடிக்குரிய நிலச் சட்டம், வாங்கியவர்கள் துரைமார்கள். கொழுந்து பறித்த என் பாட்டிக்கு அந்த மலையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவுக்கு (லயத்து அறைக்கு) மேல் ஒரு முழம் மண் சொந்தமில்லை, அந்தக் காம்பராவும் சொந்தமில்லை. அனுபவம் எதிரே நிற்கிறவனைத் துல்லியமாகக் காட்டும். அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவனைக் காட்டாது. நான் எழுத வந்தது இது ஒன்றைத்தான்.

மண்டபத்திலிருந்து நீலகிரியில் கோத்தகிரிக்கு வந்த பிறகு 'சிலோன்காரன்' ஆனோம். மளிகைக் கடையில் உள்ளூர்க்காரருக்குக் கடன் நோட்டு இருந்தது, எங்களுக்கு இல்லை. 'சிலோன்காரன் என்றைக்கு எங்கே போவானோ' என்பது கடைக்காரரின் நியாயம். எங்களில் யாரோ ஒருவர் அவரை ஏமாற்றியும் இருக்கலாம். அப்பா அதைப் பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லி வருந்தியதுண்டு. இப்படி இரண்டு இடத்திலும் அவமானப்பட்டவர், பின்னால் வருகிறவர்களிடம் இரக்கத்தோடு இருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1990இல் இலங்கையில் மீண்டும் போர் மூண்டு அகதிகள் வந்தபோது, உறவினர்களைத் தேடிச் சில குடும்பங்கள் எங்கள் பக்கமும் வந்தன. அவர்களிலும் எங்களைப் போலவே மலையகத்திலிருந்து கலவரங்களுக்கு அஞ்சி வடக்கே வன்னிப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் இருந்தார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னதை நான் என் காதால் கேட்டேன்: "நாம கார்டோட, கப்பல்ல வந்த ஆளுங்க. இவங்க தோணியில வந்தவங்க." கார்டு என்று அவர் சொன்னது தாயகம் திரும்பியோருக்கு அரசு கொடுத்த அட்டையை. தம்மை வாழ்நாளெல்லாம் சுட்ட 'தோணி' என்ற சொல்லையே எடுத்து அடுத்தவர் மேல் போட்டுவிட்டார்.

அதே கப்பலில் வந்த, அதே முகாமில் தங்கிய, அதே கடைக்காரரிடம் கைகட்டி நின்ற என் அம்மா வேறு முடிவுக்கு வந்திருந்தார். வந்த பெண்களுக்குச் சிறு விவசாயிகளின் தேயிலைத் தோட்டங்களில் வேலை சொல்லி அழைத்துப்போனவர் அவர்தான். "பாவம், வந்த புதுசுல நமக்கு யாரு இருந்தா?" என்பதற்கு மேல் அவர் விளக்கம் எதுவும் சொன்னதில்லை.

ஒரே அனுபவத்திலிருந்து இரண்டு முடிவு எப்படி வந்தது என்று நான் பல காலம் யோசித்திருக்கிறேன். அப்பா நல்லவரல்லர் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை, அது உண்மையுமில்லை. அப்பா அந்த அகதிகளைச் சந்தித்த இடம், என் அண்ணன் தினமும் காலையில் நாள்கூலிக்குப் போய் நின்ற முச்சந்தி. அங்கே ஐந்து ரூபாய் குறைத்துச் சம்மதிக்கிறவனுக்கு முதலில் வேலை. அம்மா சந்தித்த இடமோ தேயிலை நிரை, அதாவது கொழுந்து பறிக்கும் செடி வரிசை. பறித்த கொழுந்துக்கு எடைபோட்டுக் காசு, பக்கத்து நிரையில் ஆள் இருந்தால் பேச்சுத் துணை. 1954ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உளவியல் அறிஞர் கோர்டன் ஆல்போர்ட் சொன்ன ஒரு கருத்து உண்டு: வேற்றுக் கூட்டத்தாரோடு பழகுவது பகையைக் குறைக்கும், ஆனால் சமநிலையில், ஒரே வேலையை ஒன்றுசேர்ந்து செய்கிறவர்களாக, மேலிருப்பவர்களின் ஆதரவோடு பழகினால்தான் குறைக்கும். வெறுமனே பக்கத்தில் இருந்தால் போதும் என்று அவர் சொல்லவில்லை. ஆசிரியப் பயிற்சிக்காக இதைப் படித்தபோது அம்மாவின் நிரையும் அண்ணனின் முச்சந்தியும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

இனித் திருப்பூருக்கு வருகிறேன். ஆசிரியப் பணி நிமித்தம் வந்து, ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர், 'பீஸ் ரேட் ஏறவே இல்லை, கேட்டால் இந்திக்காரன் இதே ரேட்டுக்குத் தைக்கிறான் என்கிறார்கள்' என்று சொன்னால் அது அவருடைய அன்றாட அனுபவம். அதை 'இனவெறி' என்று ஒரு சொல்லில் ஒதுக்குகிற படித்தவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. அவர்கள் ஒருநாளும் ஓவர்லாக் மெஷின் முன் உட்கார்ந்தவர்கள் அல்லர், அவர்கள் வேலைக்குப் போட்டியாக எந்த ரயிலிலும் யாரும் வந்து இறங்கவில்லை. ஆனால் அந்தத் தொழிலாளியிடமும் சொல்ல ஒன்று உண்டு. கூலிச் சண்டை இந்திக்காரர்களோடு இந்த ஊருக்கு வந்ததல்ல. 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது இங்கே தைத்தவர்கள் தமிழர்கள். பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து ஆட்கள் வந்தபோது 'தெற்கத்திக்காரன் வந்து ரேட்டைக் கெடுத்தான்' என்ற பேச்சும் இங்கே இருந்தது. ஆள் மாறிக்கொண்டே வருகிறார். ரேட்டை எழுதுகிற கை மாறவில்லை. முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து கூட்டிவந்து, தங்க இடம் காட்டி, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் ஏஜென்ட் இருக்கிறாரே, அவரை என் பாட்டனார் பார்த்திருந்தால் 'கங்காணி' என்று உடனே அடையாளம் கண்டுகொண்டிருப்பார். மாநிலம் விட்டு மாநிலம் ஆள் கூட்டிவருகிற ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், பயணப்படியும் இடப்பெயர்வுப் படியும் கொடுக்க வேண்டும் என்று 1979இலேயே சட்டம் வந்தது. என் தெருவில் இருக்கும் ஒடிசாத் தொழிலாளர்களிடம் விசாரித்தேன். அப்படிப் படிகள் சட்டத்தில் சொல்லப்பட்டதையே அவர்கள் கேள்விப்பட்டதில்லை. அந்தச் சட்டம் ஒழுங்காக நடந்திருந்தால் வெளியாள் அவ்வளவு மலிவாக வந்திருக்க மாட்டார், உள்ளூர்த் தொழிலாளியின் ரேட்டும் இவ்வளவு இறங்கியிருக்காது.

வாடகை பாக்கி பற்றி எழுதிய அன்பரைப் போலவே என் மைத்துனரும் லைன் வீடுகளை வாடகைக்கு விடுகிறவர். 'நாலு பேர் என்று சொல்லிவிட்டுப் பத்துப் பேர் படுத்துக்கொள்கிறார்கள், தண்ணீர் பற்றவில்லை' என்பது அவருடைய அனுபவம். நான் நேரில் பார்த்திருக்கிறேன், உண்மைதான். அவருடைய மகன் தோஹாவில் ஏ.சி. மெக்கானிக். அங்கே ஓர் அறையில் அடுக்குக் கட்டில் போட்டு எட்டுப் பேர். அதைச் சொல்லும்போது மைத்துனர் கண்கலங்குவார். அங்குள்ள கம்பெனியைத் திட்டுவார். இங்கே தலைக்கு இவ்வளவு என்று தாமே வாடகை வாங்குவதை அதோடு சேர்த்துப் பார்க்க அவரால் முடியவில்லை. பலமுறை சொல்லிப் பார்த்தேன், "அது வேற மாப்ளே" என்பார். இரண்டும் அவருக்கு உண்மையான அனுபவமே; ஒன்றில் தகப்பனாக நிற்கிறார், மற்றொன்றில் வீட்டுக்காரராக நிற்கிறார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு மோட்டார் திருடு போயிற்று. பக்கத்து மனையில் கட்டட வேலை செய்த வெளிமாநிலத்து ஆள் ஒருவர்தான் எடுத்தவர் என்று பிறகு தெரிந்தது. அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு, தெருவில் இந்தி காதில் விழுந்தாலே என் கை வாசல் கேட் பூட்டுக்குப் போகும். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, எங்கள் தெருக்காரரே ஒருவர் சீட்டுப் பிடித்து என் நாற்பதாயிரம் ரூபாயோடு ஓடிப்போனார். அதற்காக நான் தெருக்காரர் யாரையும் சந்தேகித்ததில்லை. 'அந்த ஆள் அப்படி' என்றதோடு சரி. நம்மவர் செய்தால் அந்த ஆளின் குணம், வெளியார் செய்தால் அந்த இனத்தின் குணம். கள்ளத்தோணி என்று பேர் வாங்கிய என் புத்தியே இப்படிக் கணக்குப் போட்டதென்றால், மற்றவர்களைச் சொல்ல என்ன இருக்கிறது?

சொந்த அனுபவமாவது பரவாயில்லை. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுகிறார்கள் என்று காணொலிகள் பரவியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேறு ஊர்களில் வேறு காரணங்களுக்காக நடந்தவற்றின் காட்சிகள் அவை. தமிழகக் காவல்துறை வழக்குகள் பதிந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து திருப்பூரிலும் விசாரித்துச் சென்றது. ஹோலிக்கு ஊருக்குப் போவதாகச் சொல்லி எங்கள் தெருவில் மூட்டை கட்டியவர்களில், ஏழு ஆண்டாக இங்கே இருந்து ஒரு கடுஞ்சொல்கூடக் கேட்காதவரும் இருந்தார். 'உனக்கு இங்கே யாராவது ஏதாவது செய்தார்களா?' என்று கேட்டேன். 'எனக்கு இல்லை சார், ஆனால் வீடியோவில் இருக்கிறது' என்றார். ஏழு ஆண்டுச் சொந்த அனுபவம் அரை நிமிடக் காணொலி முன் நிற்கவில்லை. நம்மவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். வெளிமாநிலத்தார் யாரோடும் நேரில் ஒரு வார்த்தை பேசாத ஊர்களிலிருந்து அவர்களைப் பற்றி வரும் 'அனுபவங்கள்' என் கைப்பேசிக்கு நாள்தோறும் வந்துகொண்டிருக்கின்றன.

எனவே தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். 'வடமாநில வாலிபர் கைது' என்ற தலைப்பு இதழ்கள் பலவற்றிலும் வழக்கமாகிவிட்டது. கைதானவர் இன்ன மாவட்டத்துத் தமிழர் என்று தலைப்பில் போடுவதில்லை. குற்றத்தோடு தொடர்பில்லாத இடங்களில் 'வடமாநில' என்பதையும் போடாமல் விடலாம். மற்றொன்று, குடியேற்றம் பற்றி வரும் கடிதங்களில், எழுதியவர் வீட்டுக்காரரா, தொழிலாளியா, ஆள் வைத்து வேலை வாங்குகிறவரா என்பதை ஊர்ப் பெயரோடு சேர்த்து வெளியிடுங்கள். என் கடிதத்துக்கும் அதையே செய்யலாம்: ஓய்வூதியம் வாங்குகிறவன், யாரோடும் வேலைக்குப் போட்டியில்லாதவன். நான் சொல்வதை வாசகர்கள் அதற்கேற்பக் கழித்துப் படித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் (தாயகம் திரும்பியவர்),
திருப்பூர்