பச்சைப் பை வைத்திருந்த அக்காவுக்கு

சனிக்கிழமை, குழந்தைகள் இல்லத்துக்குத் துணி எடுக்கக் குடும்பமாகப் போயிருந்தோம். பில் போடும் வரிசையில் அம்மாவுக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. புழுக்கம்தான் என்று நான் விசிறிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற நீங்கள்தான் "அம்மாவுக்குச் சுகர் இருக்கா?" என்று கேட்டீர்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் வந்திருக்கிறார். (என்னிடம் மூச்சுவிடவில்லை!) விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தீர்கள்.

அதைக் குடித்த பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்தபோதே ரத்தச் சர்க்கரை அளவு 78தான். 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரையாம். உடனே கொடுத்தது நல்லது, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சாயங்காலமே வீடு வந்துவிட்டோம்.

அப்புறம்தான் தெரிந்தது, கடையில் பட்டியலோடு திருதிருவென்று நின்ற என் கணவருக்கும் நீங்கள்தான் துணை. "ஓர் அளவு பெரிதாகவே எடுங்க, அடுத்த வருஷமும் ஆகும்" என்றீர்களாமே. சரி, பெயரையாவது கேட்டாரா என்றால், அதுதான் இல்லை.

அம்மா இப்போது கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கிறார். உங்களை மறுபடி பார்த்தால் காட்ட வேண்டுமாம். ரொம்ப நன்றி அக்கா.