மைகார்டு இருக்க நகல் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே எங்களை வளர்த்த என் தாயாரின் உதவித்தொகை விண்ணப்பத்தைக் கொடுக்க, சென்ற வாரம் அரசு அலுவலகம் ஒன்றுக்குச் சென்றபோது, மைகார்டு எனும் அடையாள அட்டையின் நகலை மூன்று படிவங்களிலும் தனித்தனியே இணைக்கச் சொன்னார்கள். மூன்றும் ஒரே கோப்புக்குள்தான் சென்றன. நகலெடுக்க வெயிலில் கடைத்தெரு வரை நடந்து திரும்பிய அம்மாவின் கை வியர்வையில் ஒரு தாள் நனைந்துவிட, அதையும் மாற்றிக் கேட்டது மனத்தை வருத்தியது.

சில்லு பொருத்திய மைகார்டு 2001ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மின்னியல் அரசாங்க நடவடிக்கைச் சட்டமும் 2007இல் இயற்றப்பட்டது. முகப்பிடத்திலேயே அட்டையைக் கருவியில் செருகிச் சரிபார்த்துக்கொண்டு, தவிர்க்க முடியாதவற்றை மட்டும் தாளின் இருபுறமும் அச்சிடலாமே! கணினி அறியாத முதியவர்களுக்கு உதவ அங்கே ஓர் ஊழியரையும் அமர்த்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளியின் மகள்,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா