ஆண்டறிக்கை 2024–25: மாற்றியமைத்த ஹெரால்டும் நம் சங்கமும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நம் பழைய கார் சங்கத்தின் செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்கள் நீங்கலாக, ஞாயிறு காலை மாமல்லபுரம் கார் ஓட்டம் தடையில்லாமல் நடந்தது. சந்தா பெரும்பாலும் வசூலாகிவிட்டது. பாக்கி உள்ளவர்கள் இன்றைக்கே கட்டிவிட்டால் நல்லது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரமும் உழைப்பும் போனது ஒரே ஒரு காருக்குத்தான். அதனால் இந்த அறிக்கையும் அதைப் பற்றியே அதிகம் பேசும்.

பெருங்களத்தூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. 1960களின் இரண்டு கதவு வண்டி. எழுபதுகளின் தொடக்கத்தில் அதை வைத்திருந்தவர் சோழவரம் பந்தயங்களில் மனதைப் பறிகொடுத்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியதை நம் மூத்த உறுப்பினர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். அவரும் பார்த்துவிட்டு வந்து, தன் காரை ஆளே அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டார். கூரை போனது. பின்பக்கத்து இரண்டு ஓரங்களிலும் உள்ள தகட்டு வால்கள் நீண்டன. கிரில்லுக்குப் பதிலாக அலுமினியக் கம்பிகள் வந்தன. எஞ்சினில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், உள்ளே பக்கெட் சீட், நிறம் வெள்ளித்தூள் கலந்த பச்சை. அவர் காலமான பிறகு கார் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் கிடந்தது. அவருடைய பிள்ளைகள் மனமுவந்து அதை நமக்குக் கொடுத்தார்கள். காரோடு பழைய கூரையையும் கொடுத்தார்கள். மொட்டை மாடியில் விறகுக்கு மூடியாக அது இத்தனை காலம் இருந்திருக்கிறது.

புதிய உறுப்பினர்களுக்காக ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1959ல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் எல்லாம் சேஸிஸும் பாடியும் ஒன்றான கட்டுமானத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த நிறுவனம் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆகவே தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டினார்கள். நெருக்கடியில் எடுத்த முடிவுதான். ஆனால் பலம் எல்லாம் சேஸிஸில் இருப்பதால் கூரையைக் கழற்றினாலும் வண்டி வளையாது. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து, முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். 1961 முதல் 948 சிசி எஞ்சினோடு நம் ஊரிலேயே இதைச் செய்தார்கள். மாற்றிப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு இதைவிட வசதியான வண்டி அன்றைய இந்தியாவில் இல்லை என்பது என் கருத்து.

கார் வந்து சேர்ந்ததும் எழுந்த கேள்வியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எந்த வடிவத்துக்கு இதைத் திரும்பக் கொண்டுபோவது? கூரை கையில் இருக்கிறது, போல்ட் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன, ஆகவே தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே ஆக்கிவிடலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. அதிலும் நியாயம் இருந்தது. பெருங்களத்தூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர்கள், தங்கள் கைப்பட உருவான வடிவத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். மற்ற தரப்பு, மெட்ராஸ் பட்டறையில் ஒரு டிங்கர் கைச்சுத்தியலால் அடித்துச் செய்த வேலை இது, தொழிற்சாலை ஹெரால்டு இன்னும் பல இடங்களில் இருக்கிறது, இது இந்த ஒன்றுதான் என்றது. இரண்டு கூட்டங்களிலும் பேச்சு சூடாகவே நடந்தது.

முடிவுக்கு வழிகாட்டியது அந்தப் பின்பக்க வால்தான். பெயின்டைச் சுரண்டிப் பார்த்தபோது உள்ளே பட்டி ஒரு துளிகூட இல்லை. பித்தளை வைத்துப் பற்றவைத்து, மேலே ஈயம் ஊற்றி, அரத்தால் இழைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் அளவெடுத்தோம். வித்தியாசம் நூலளவுதான். பெருங்களத்தூர் நண்பர்களில் மூத்தவர் அந்த வாலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “இதை வெட்டக்கூடாது” என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. காரை 1970களில் மாற்றப்பட்ட வடிவத்திலேயே மீட்பது, கூரையைச் சுத்தம் செய்து காரோடு கூடவே காட்சிக்கு வைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது.

வேலை தொடங்கியபோது பாடி எல்லாம் தனித்தனியாகக் கழன்று வந்தது. நடு சேஸிஸ் திடமாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் நீளும் கைகள், ஹெரால்டுகளில் வழக்கமாக நடப்பது போல, கையால் அழுத்தினாலே உதிர்ந்தன. புதிய தகட்டில் செய்து வைத்தோம். இந்த இடத்தில் புதுப்பேட்டைப் பட்டறைக்காரர்கள் செய்த உதவியைப் பதிவு செய்கிறேன். இந்த மாடலுக்குக் கடையில் பாகம் கிடைக்காது. ஒரு கிளிப்பைக் காட்டினால் எந்தக் குவியலில் எந்த வண்டியின் கிளிப் இதற்குப் பொருந்தும் என்று சொல்லக்கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

முன் சஸ்பென்ஷனில் அடியில் உள்ள டிரன்னியன் என்ற, சக்கரம் திரும்ப உதவும் மரை மூட்டைப் பற்றி எல்லா ஹெரால்டு உறுப்பினர்களும் கவனிக்க வேண்டும். அதற்கு கிரீஸ் அடிக்கக்கூடாது. கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் கெட்டியாகி மரையின் அடிப்பகுதிக்குப் போகாது, உள்ளே துருப்பிடித்து ஒருநாள் முறியும், முன் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். நம் காரில் பல ஆண்டு கிரீஸ் இறுகிக் கிடந்தது. ஒரு பக்கத்து மரை பாதிக்குமேல் அரிக்கப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று. தொழிற்சாலையிலிருந்து வந்த நண்பர்கள் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்முறையாகவே காட்டிக் கொடுத்தார்கள். வந்தவர்கள் பாக்கியசாலிகள்.

பின்பக்கம் தாழ்ந்து நிற்பதை அழகுக்காகச் செய்தது என்றுதான் முதலில் எண்ணினோம். அப்புறம்தான் புரிந்தது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில் தனித்தனியாக ஆடும், குறுக்கே ஒரே ஸ்பிரிங். வேகமாகத் திரும்பும்போது பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். ஸ்பிரிங் பிளேட்டுகளின் வளைவைக் குறைத்து வண்டியைத் தாழ்த்தினால் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, அந்த ஆபத்து குறையும். பந்தயக்காரர்களின் வித்தை அது. ஆகவே அந்த ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டோம்.

பெயின்ட் விஷயத்தில் இளைய உறுப்பினர்கள் பெரிய வேலை செய்தார்கள். கதவின் உள்பக்கம் ஓர் இடத்தில் தண்ணீர் விட்டு சாண்ட் பேப்பரால் வட்டமாகத் தேய்த்து, அடுக்கடுக்காக நிறங்களை வெளியே கொண்டுவந்தார்கள். மேலே பிற்பாடு அடித்த சிவப்பு, அதன் கீழே அந்தப் பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் தொழிற்சாலையின் வெளிர் நீலம். பச்சை அடுக்கைப் பார்த்தே புதிய நிறத்தைக் கலந்தோம். பழைய டூகோ பெயின்ட் பளபளப்பு இன்றைய பெயின்டில் அப்படியே வராது என்பது உண்மைதான். பக்கத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்குத் திருப்தியாக வந்திருக்கிறது. அந்த வட்டத்தை மூடாமல் விட்டிருக்கிறோம். காட்சியில் குழந்தைகள் முதலில் ஓடிவந்து பார்ப்பது அதைத்தான்.

எஞ்சின் வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. போரிங், ரிங், வால்வு, அவ்வளவுதான். பெட்ரோல் குழாய்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் மட்டும் எத்தனால் தாங்கும் ரப்பரில் மாற்றினோம். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. பழைய ரப்பர் அதில் இளகிப்போகும். கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் குழாய்களை ஒருமுறை சரிபாருங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உள்ள விஷயம் இது.

தை மாதம் சென்னையில் நடந்த காட்சியில் கார் முதன்முதலாக வெளியே வந்தது. பானெட்டைத் திறந்து வைத்து, அடியில் கண்ணாடிகள் வைத்து, பக்கத்தில் ஒரு மரச்சட்டத்தில் கூரையை நிறுத்தினோம். மீட்பு வேலையின் புகைப்பட ஆல்பத்தை மேசையில் வைத்தோம். கூட்டம் விலகவே இல்லை. “எங்க அப்பா இதே மாதிரி வெச்சிருந்தார்” என்று சொல்லி நின்றவர்கள் பலர். ஆனால் நடுவர்கள் அசல்தன்மைக்கு மதிப்பெண் தரவில்லை. அவர்களிடம் இருந்த தாளில், தொழிற்சாலை வடிவத்தோடு ஒத்துப்போகிறதா என்ற கேள்வி மட்டுமே இருந்தது. கோயம்புத்தூரில் நிலைமை வேறு. முன்கூட்டியே நாம் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, மாற்றியமைத்த கார்களுக்கென்று தனி வரிசை ஒதுக்கியிருந்தார்கள். வேலைத்தரத்தையும், மாற்றம் நடந்த காலத்துக்கான சான்றையும் பார்த்து மதிப்பெண் கொடுத்தார்கள். நமக்கு இரண்டாம் இடம். திரும்பும்போது லாரியில் கட்டிய கயிறு உரசி இடது வாலில் கீறல் விழுந்தது. அது சரிசெய்யப்பட்டுவிட்டது. இனி கயிற்றுக்கு அடியில் துணி சுற்றாமல் வண்டி ஏறாது.

இப்போது உங்கள் முன் உள்ள தீர்மானத்துக்கு வருகிறேன். மத்திய அரசு 2021ல் விண்டேஜ் வாகன விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், அசல் வடிவில் பராமரிக்கப்பட வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. தகுதி பெற்றால் ‘விஏ’ எழுத்துகள் கொண்ட நம்பர் பிளேட் கிடைக்கும், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். நம் ஹெரால்டு வயதில் தேறுகிறது, வடிவத்தில் தேறவில்லை. ஆகவே சாதாரண வண்டியாகத்தான் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த கார்களுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆகிவிட்டது.

இந்தக் காரின் மாற்றம் திருட்டுத்தனமாகச் செய்தது அல்ல. பழைய ஆர்.சி. புத்தகத்தில், திறந்த பாடி என்று அந்நாளைய அதிகாரி கையால் எழுதி முத்திரை வைத்திருக்கிறார். அன்று நடப்பில் இருந்த 1939ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. இன்றைய 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கடுமையானது. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. அதை நான் எதிர்க்கவில்லை. பிரேக்கைத் தொடாமல் எஞ்சினை மட்டும் பெரிதாக்கி ஓட்டுகிறவர்களால் வரும் விபத்துகள் உண்மையானவை. இன்றைக்கு ஒருவர் ஒரு முழு ஹெரால்டை எடுத்து வெட்டப் போனால் முதலில் தடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

நாம் கேட்பது வேறு. பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா, தொழிற்சாலை வடிவ வண்டிகளை ஏ வகை என்றும், அந்தந்தக் காலத்திலேயே மாற்றப்பட்டவற்றை பி வகை என்றும், பிற்காலத்தில் மாற்றப்பட்டவற்றை டி வகை என்றும் பிரித்துவைத்திருக்கிறது. அமெரிக்காவில் பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக பாரிஸ் சகோதரர்கள் 1952ல் கூரையைத் தாழ்த்தி மாற்றிய 1951 மெர்க்குரி காரை, 1959ல் ஓர் இளைஞர் 500 டாலருக்கு வாங்கினார். பிற்பாடு பல ஆண்டு உழைத்து, 1952ல் இருந்த வடிவத்துக்கே அதைக் கொண்டுவந்தார். 2015ல் அங்கே பெபிள் பீச் என்ற பழைய கார் காட்சியில் மாற்றியமைத்த மெர்க்குரிகளுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். 2017ல் அந்தக் கார் அந்நாட்டின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டிலும் ஏறியது. பட்டறைத் தொழிலாளியின் வேலைக்கு அங்கே கிடைத்த மரியாதை இங்கேயும் கிடைக்க வேண்டும்.

தீர்மானத்தின் சாரம்: 1988ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1989 ஜூலை 1க்கு முன்பு மாற்றப்பட்டு, அந்த மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியுள்ள வாகனங்களை விண்டேஜ் விதிகளில் தனி வகையாக ஏற்கும்படி சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்வது. பதிவு இல்லாத வண்டிகளையும் சேர்க்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படிச் சேர்த்தால் நேற்று வெட்டிய வண்டிகூட அந்தக் காலத்து வண்டி என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிடும் என்பதால் செயற்குழு அதை ஏற்கவில்லை. விவாதத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

இன்னும் இரண்டு விஷயங்கள். காரை மாற்றிய அந்த டிங்கர் யார் என்பது குடும்பத்தாருக்கும் நினைவில்லை. எழுபதுகளில் மவுண்ட் ரோடு, ராயப்பேட்டை, புதுப்பேட்டைப் பக்கம் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், வாலின் புகைப்படத்தை அவர்களிடம் காட்டுங்கள். படங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. வரும் தை மாதக் காட்சிக்குக் காரின் அருகே நிற்க இரண்டு ஷிப்டுக்கும் ஆள் தேவை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இணைச் செயலாளரைப் பார்க்கவும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்