தலைத்துண்டு எங்களிடம்தான் இருக்கிறது

சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

மாசி மாதக் கடைசியில் வெள்ளைக் கார் ஒன்று உங்கள் வண்டிப்பாதையில் புதைந்து நின்றதே, அதில் வந்தவர்கள் நாங்கள். நான், தம்பி, 78 வயது அம்மா. அன்று நன்றி சொல்ல வாய் வரவில்லை. சொல்ல வந்தபோது நீங்கள் பாத்திக்குள் இறங்கிவிட்டீர்கள். பெயர் கேட்காமல் வந்துவிட்டோம் என்பது ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. அதனால் செய்த காரியத்தைச் சொல்லித்தான் உங்களை அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது.

அம்மா பிறந்தது அந்தக் கரிசலில். 1971-இல் கல்யாணமாகி சென்னைக்கு வந்தவர். விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985-இல். அம்மாவுக்கு இன்னும் அது ராம்நாடு ஜில்லாதான். போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தோம். இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக அப்போதே நேர்ந்துகொண்டார். அப்படியே ஆண்டாளையும் பார்த்துவிடலாம், திருத்தங்கல் பெருமாளையும் பார்த்துவிடலாம் என்று நான் தாளில் பட்டியல் போட்டேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "வெடிச்ச பருத்தி ஒரு தடவ பாக்கணும்" என்றார். அதை நான் பட்டியலில் எழுதவில்லை. வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதல் நன்றி இருக்கன்குடியில் பூக்கட்டும் அக்காவுக்கு. அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில் இருக்கிற கோயில் அது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கால் தளர்ந்துவிட்டது. "நீங்க போயி வரிசைய பாருங்க, பெரியம்மா எங்கிட்ட இருக்கட்டும்" என்று தான் உட்கார்ந்திருந்த முக்காலியைக் கொடுத்துவிட்டுத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தீர்கள். நாங்கள் திரும்பி வரும்போது அம்மா உங்களோடு சேர்ந்து சரம் கட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் வாங்கிக்கொண்டது பூவுக்கான காசு மட்டும்.

மறுநாள் காலையில்தான் அந்தக் கூத்து. சாலையோரக் காடுகளில் பாதிக்கு மேல் மக்காச்சோளத் தட்டை. அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். தூரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததும், "அந்தா பருத்தி!" என்று ஒரு சத்தம். தம்பி வண்டியை மண்பாதையில் திருப்பிவிட்டான். இரண்டு நாளைக்கு முன் பெய்த மழை அவனுக்குத் தெரியாது. கரிசல் மேலே காய்ந்த மாதிரிதான் தெரியும், கீழே களி. நூறு அடி போவதற்குள் முன்சக்கரம் இரண்டும் அச்சுவரை இறங்கிவிட்டன. இறங்கி நடந்தால் செருப்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோ. அம்மா தம்பியைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மண்ணப் பாத்து ஓட்டணும்ல."

அப்போது காட்டுக்குள் எட்டுப் பத்துப் பெண்கள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் மடி. யாரும் கூப்பிடாமலே வந்தீர்கள். பக்கத்துக் காட்டில் அறுத்து அடுக்கியிருந்த பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகளை, அள்ளிவந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தீர்கள். அடுப்புக்கு என்று அடுக்கி வைத்த விறகு அது. ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தள்ள, மூன்றாவது தள்ளில் வண்டி மேடேறியது. உங்கள் சட்டையெல்லாம் சேறு.

இதில் நான் அன்று அறியாத ஒன்று இருக்கிறது. அம்மாதான் பிறகு சொன்னார். பருத்தி எடுக்க நல்ல நேரம் விடிகாலை. பனி ஈரத்தில் காயைச் சுற்றியிருக்கும் சருகு பதமாக இருக்கும். வெயில் ஏற ஏறச் சருகு நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்; தூசிப் பருத்தி என்று வியாபாரி விலையைக் குறைப்பான். போதாததற்கு, மழையில் விழுந்த பஞ்சு தரையில் கறுத்துக் கிடந்தது. அடுத்த மழைக்குள் மிச்சத்தை எடுத்தாக வேண்டிய அவசரம் உங்களுக்கு. அந்த நேரத்தில் முக்கால் மணி நேரத்தை எங்கள் வண்டிக்குக் கொடுத்தீர்கள். தம்பி ஐந்நூறு ரூபாயை நீட்டியபோது நீலக் கட்டம் போட்ட சட்டைக்கார அக்கா சிரித்தார். "வண்டிய தள்ளுனதுக்கு என்ன கூலி? காரு எங்க காட்டுல வெளஞ்சதா?"

அம்மா அதற்குள் காட்டுக்குள் இறங்கிவிட்டார். நான் பதறி ஓடினால் நீங்கள் என்னைத்தான் தடுத்தீர்கள். "விடுத்தா, அவுக காலுக்கு இந்த மண்ணு தெரியும்." அந்த அக்கா தன் தலைத்துண்டை அவிழ்த்து அம்மா தலையில் கட்டிவிட்டார். அம்மா முந்தானையை இழுத்து மடி கட்டினார். நாலைந்து காய் தடுமாறினார். அப்புறம் கை தானாகப் போயிற்று. ஐந்து விரலையும் கூட்டி, சுளை மொத்தத்தையும் ஒரே இழுப்பில் எடுத்து, ஓட்டைச் செடியிலேயே விட்டுவிடுகிற அந்த வேலையை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஐம்பது வருடமாக அந்தக் கையில் சோறு சாப்பிட்டிருக்கிறேன்!

"எங்க காலத்துல கருங்கண்ணிப் பருத்தி. காய் சின்னது, இழை குட்டை. ஆனா மருந்து கேக்காது" என்றார் அம்மா. நீங்கள் புழுவைப் பற்றிச் சொன்னீர்கள், ஆள் கிடைக்காததைச் சொன்னீர்கள், காட்டுப்பன்றியைச் சொன்னீர்கள். ஏன் பாதிக்காடு மக்காச்சோளத்துக்குப் போயிற்று என்று அம்மா கேட்ட கேள்விக்கு அதுவே பதில். நான் வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திருத்தங்கல் நடை சாத்தும் நேரம் போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

காய்ந்த ஓட்டின் நுனி கீறி அம்மாவின் ஆள்காட்டி விரலில் ரத்தம் வந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. எடை போட வந்த காட்டுக்கார அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, டிராக்டரிலிருந்து கட்டுத்துணி எடுத்துவந்து சுற்றினார். "சத்திரப்பட்டியில நெஞ்சதும்மா. ஊருக்கெல்லாம் காயம் கட்டுறது நம்ம பக்கத்துத் துணிதான்" என்றார். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் அந்த ஊரில் தறிகள் மருத்துவத் துணிதான் நெய்கின்றன என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். பருத்தி கிழித்த விரலுக்குப் பருத்தியே கட்டு.

அதோடு விடவில்லை அண்ணாச்சி. அம்மா மடியில் இருந்ததைத் தனியாகத் தராசில் மாட்டினார். ஒன்றே முக்கால் கிலோ. மற்றவர்களுக்கு என்ன கணக்கோ அதே கணக்கில் கூலி எண்ணி அம்மா கையில் வைத்தார். நாங்கள் வேண்டாம் என்றோம். "நீங்க யாரு குறுக்க பேச? வேல செஞ்சது அவுக" என்றார். அம்மா மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். வேலை செய்தவர்கள் எப்படி வாங்குவார்களோ அப்படியே, எண்ணிப் பார்த்து.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு உதவியவர் கோயிலில் துளசி கட்டிக்கொண்டிருந்த பெரியவர். 11 நிலை, 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே எங்களுக்குக் கழுத்து வலித்தது. மண் காய்ந்த சேலையோடு உள்ளே போகலாமா என்று அம்மா வாசலில் தயங்கி நின்றார். "ஆண்டாளே துளசிக்காட்டு மண்ணுல கிடந்த குழந்தைதானம்மா, வாங்க" என்று கூட்டிப்போனவர் நீங்கள். ஆண்டாள் இடக்கையில் இருக்கிற கிளியைக் காட்டி, அது ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டுவது, மூக்குக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை என்று விளக்கினீர்கள். சூடிக் களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும் சித்திரையில் அழகருக்கும் போவதையும் சொன்னீர்கள். அம்மா அதெல்லாம் சின்ன வயதில் கேட்டதுதான். ஆனாலும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினார். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் மரியாதை அது.

உண்டியல் பக்கம் வந்தபோது, கூலிக்காசைப் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. என்னிடம் பத்து ரூபாய் வாங்கிப் போட்டார். "அது நான் சம்பாரிச்சது" என்றார். இன்றுவரை சுருக்குப்பையில் அப்படியே இருக்கிறது.

பால்கோவாக் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை. அம்மாவுக்குச் சர்க்கரை என்று சொன்னதும் கால் கிலோவுக்கு மேல் தரமாட்டேன் என்று சொன்ன வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தம்பிக்கு இரண்டு டம்ளர் பருத்திப்பால் ஊற்றி, ஒன்றுக்கு மட்டும் காசு வாங்கிய தள்ளுவண்டித் தம்பிக்கும் நன்றி. சுக்கு தூக்கலாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

நீலச் சட்டை அக்காவுக்கு: உங்கள் தலைத்துண்டு அம்மா தலையிலேயே எங்களோடு வந்துவிட்டது. சிவப்புக் கரை, ஒரு மூலையில் கிழிசல். துவைத்தாயிற்று, கிழிசலை அம்மா தைத்துவிட்டார். காட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கைப்பிடிப் பருத்தியில் கொட்டை நீக்கி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த தை முடிந்து காய் வெடிக்கும்போது துண்டைக் கொடுக்க வருகிறோம். இந்தத் தடவை வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவோம்.