அலமாரிக்குப் பின்னால்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே மூன்று நாளாக விடாத மழை. தண்ணீர்மலைப் பக்கம் மேகம் இறங்கியே நிற்கிறது. துணி காயாமல் அம்மா கூடத்தில் கொடி கட்டியிருக்கிறாள்.

நீ போனில் கேட்டதையே யோசித்துக்கொண்டிருந்தேன். விண்வெளி நிலையத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று காற்றைத் தட்டில் பிடித்துப் பார்த்தாலே போதாதா, தூசியையும் கிளற வேண்டுமா என்றாய். கிளறம்மா. முப்பது வருஷம் ஆய்வகத்தில் பூஞ்சைத் தட்டுகளோடு இருந்தவன் சொல்கிறேன். காற்று அந்த நிமிஷத்தைத்தான் காட்டும். தூசியில் பல வாரம் சேர்ந்திருக்கும். அங்கே எடையில்லாததால் தூசி கீழே படியாது, காற்றோட்டத்தோடு போய் வடிகட்டி வலையில் ஒட்டிக்கொள்ளும் என்று நீதானே சொன்னாய்? அப்படியென்றால் வீரர்கள் வேக்குவம் பிடிக்கும் பைதான் உனக்குப் புதையல். தட்டில் உயிருள்ளது மட்டும், அதிலும் தட்டில் ஊற்றிய அகார் என்ற ஊட்டக்கூழ் ஒத்துக்கொண்டது மட்டும் முளைக்கும். டிஎன்ஏ பார்த்தால் செத்த பூஞ்சை வித்தும் கணக்கில் வரும். செத்ததும் மூச்சுக்கு ஆகாது.

நாலு வயதில் உனக்கு மூச்சிழுப்பு வந்தது. வாடகை வீடு. இரவெல்லாம் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். கூடத்தில் திறந்து வைத்த தட்டில் ஒன்றிரண்டு பூஞ்சைப் புள்ளிதான் வந்தது. சரி, வீட்டில் குற்றமில்லை என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அலமாரியை நகர்த்தி டார்ச் அடித்தால், சுவரில் மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்பு, ஓரத்தில் பச்சை. தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. உள்ளே குழாய்க் கசிவு. சின்னதுதான், ஆனால் சுவரைக் காயவே விடாத கசிவு. அந்த இரண்டு மாதம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்திலும் 1998இல் சுவர்ப் பலகையைத் திறந்தபோதுதான் பின்னால் தண்ணீர் உருண்டையாக மிதந்ததாம், பாக்டீரியாவும் பூஞ்சையுமாக. காற்று அசையாத இடத்தை முதலில் பார்.

2007இல் நம் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் சோயுஸ் விண்கலத்தில் ஏறியபோது டிவி முன்னால் நின்று கைதட்டினாய். அவரைப் போன்றவர்கள் மூச்சுவிடும் காற்றை இப்போது நீ பார்க்கிறாய். அம்மா கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

அப்புறம், அந்த வேக்குவம் பையைத் திறக்கும்போது முகக்கவசத்தை மூக்கோடு அழுத்திப் போடு. இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும். உன் அறை ஏர்கோன் வடிகட்டியையும் இந்த வாரமே கழுவிவிட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா